கைப்பிடி இங்கே, முனை அங்கே

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். என் காது மட்டும் நலமில்லை. முப்பது வருஷமாகப் பல் செட் தேய்க்கும் எந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவனுக்குப் போனில் யார் பேசினாலும் கொசு பேசுகிற மாதிரிதான் கேட்கிறது. அதனால்தான் கடிதம். உனக்கு உடம்பு எப்படி? புது ஊர் ஒத்துக்கொண்டதா? திரைச்சீலைக் கடையின் புதுக் கிளைக்கே பொறுப்பாளராகிவிட்டாய், இனி நாங்களெல்லாம் உன் கண்ணுக்குத் தெரிவோமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காமல் படி. என் அலமாரியில் வெண்கலக் கோடரிகளுக்கும் உளிகளுக்கும் நடுவே கைப்பிடியோடு ஒரு பாதி வாள் இருக்கிறதே, மூவாயிரம் வருஷத்துச் சாமான், அதன் மறுபாதி அகப்பட்டுவிட்டது! சேகரிப்போர் சங்கப் பத்திரிகையில் ஒரு வாள் முனையின் படம் வந்திருக்கிறது. அதே அகலம். நடுவில் அதே மூன்று வரி. உடைந்த இடத்தில் அதே சாய்வு. பார்த்ததும் அலமாரியைத் திறந்து கைப்பிடியைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அதை வைத்திருப்பவர் ஓய்வுபெற்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர். மனைவி இறந்து பத்து வருஷமாகத் தனியாக இருக்கிறாராம். இருப்பது எங்கே தெரியுமா? உன் ஊரில், உன் கடையிலிருந்து நாலு தெரு தள்ளி! இரண்டு கடிதம் போட்டேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரியில் பதில்: 'விற்பதற்கில்லை.' திமிர் பிடித்த மனிதர். நீ நேரில் போய்ப் பார். எப்படியாவது பேசி வழிக்குக் கொண்டுவா. கண்ணை மூடுவதற்குள் அந்த வாளை முழுசாகப் பார்த்துவிட வேண்டும். பதினெட்டு வருஷமாக இந்த ஒரே ஆசைதான்.

உடனே பதில் போடு.

உன் அண்ணன்

(அண்ணி எழுதுவது: ஒரே ஆசையாம். நேற்றுதான் புதுச் செருப்பு வேண்டும் என்று அடம்பிடித்தார். உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு.)


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நான் சௌக்கியம். கடல் காற்றில் முடி மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. உங்கள் இருவரின் நலம் அறிய ஆவல்.

உன் எஞ்சின்காரரைப் பார்த்தேன். கதவைத் தட்டினால் கையில் கோடரியோடு வந்து திறக்கிறார்! எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "பயப்படாதீங்கம்மா, இது வெட்டி மூவாயிரம் வருஷம் ஆச்சு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அவருக்கும் எஞ்சின் சத்தத்தில் காது போய்விட்டதாம். நீங்கள் இருவரும் பேச ஆரம்பித்தால் அக்கம்பக்கத்தார் வீட்டைக் காலி செய்துவிடுவார்கள்.

நீ நினைப்பது போல் திமிரெல்லாம் இல்லை. "உங்க அண்ணன் லெட்டர்ல டிக்கெட் கேட்கிற அதிகாரி மாதிரி மிரட்டியிருந்தாரு. அதான் ஒரே வரியில எழுதிட்டேன்" என்றார். நீ என்ன எழுதித் தொலைத்தாய்?

முனையைக் காட்டினார். கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும் என்று எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். நீ சொன்ன மூன்று வரியும் இருக்கிறது. ஆனால் விற்கிற பேச்சே கூடாதாம். "முதல்ல அது இதோட பாதிதானான்னு தெரியட்டும்" என்கிறார். நியாயம்தானே? உடைந்த இடத்துக்கு ஏதாவது மாதிரி செய்து அனுப்பு, வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வீட்டில் எட்டு ஜன்னல். ஒன்றுக்குக் கூடத் திரை கிடையாது. மத்தியான வெயில் நேராக அலமாரிக்குள் அடிக்கிறது.

உன் தங்கை


மார்ச் 26

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம், நீயும் அப்படியே என்று நம்புகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

உடைந்த முகத்தில் மெழுகை வைத்து அழுத்தி, அருமையாக ஓர் அச்சு எடுத்திருக்கிறேன். என் தொழில் வாழ்க்கையில் எந்த வாய்க்கும் இவ்வளவு சுத்தமான அச்சு எடுத்ததில்லை. தகர டப்பாவில் பஞ்சு வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வெயிலில் வைத்துவிடாதே, உருகிவிடும். முனையோடு பொருந்துகிறதா என்று பார்த்து உடனே எழுது. இரண்டே வரி போதும். தூக்கம் வரவில்லை எனக்கு.

அண்ணன்

(அண்ணி: எனக்கும் வரவில்லை. விடிய விடியப் புரண்டுகொண்டே இருக்கிறார்.)


மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கடையில் ஒரு விடுதிக்கு முழுவதும் திரை தைக்கும் வேலை வந்து, தையல் மிஷினோடு மிஷினாகக் கிடந்தேன்.

டப்பா பத்திரமாக வந்து சேர்ந்தது. பஞ்சு நிறைய வைத்திருந்தாய்.

எஞ்சின்காரர் வீட்டுக்கு நாலைந்து தடவை போய்வந்தேன். ஜன்னல் அளவெடுக்கத்தான். வெண்கலத்துக்கு ஈரம் ஆகாது, ஈரம் பட்டால் பச்சைப் பொடி பூத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் என்று நீ சொல்வாயே, அதற்கு இவர் என்ன செய்கிறார் தெரியுமா? செருப்பு டப்பாவில் 'தின்னாதே' என்று எழுதி ஒரு குட்டிப் பொட்டலம் போடுவார்கள் அல்லவா, ஈரத்தை உறிஞ்சும் பொட்டலம், அதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்துச் சேகரிக்கிறார். யார் புதுச் செருப்பு வாங்கினாலும் பொட்டலம் இவருக்கு. அந்தத் தெருவில் யாருக்கு என்ன செருப்பு என்பது இவருக்கு அத்துப்படி.

அவரிடம் ஓர் உளி இருக்கிறது, சுண்டுவிரல் நீளம்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இத வச்சு ஒருத்தன் யாருக்கோ தொட்டில் செஞ்சிருப்பான்னு நினைச்சுக்குவேன். ராஜா, சண்டை எல்லாம் எனக்கு நினைப்பு வராது" என்றார். வாள்காரர்கள் நடுவில் இப்படியும் ஒருவர்.

அலமாரி இருக்கும் அறைக்குக் கனமான துணியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். நிறம்தான் முடிவாகவில்லை. அவருக்குப் பச்சை பிடிக்கிறது. பச்சைச் சாமான் வைத்திருக்கும் அறைக்கே பச்சைத் திரை போட்டால் நன்றாகவா இருக்கும்? சொன்னால் கேட்டுக்கொள்கிறார்.

அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் தங்கை


மே 9

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணியின் முழங்கால் தேவலை. என் ரத்த அழுத்தம்தான் ஏறியிருக்கிறது. ஏறாமல் என்ன செய்யும்?

ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். ஜன்னல் இருக்கிறது, துணி இருக்கிறது, தெருக்காரர்களின் செருப்பு இருக்கிறது. என் வாள் எங்கே? பொருந்தியதா, இல்லையா? அந்த மனிதர் அச்சை வைத்துப் பார்க்கவே விடவில்லையா? விடவில்லை என்றால் சொல், நானே வந்து பேசிக்கொள்கிறேன்.

அவருக்குப் பச்சை பிடிக்கிறதா, மஞ்சள் பிடிக்கிறதா என்பதை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

அண்ணன்

(அண்ணி: எனக்குச் சொல். என்ன நிறம் முடிவாயிற்று?)


ஜூன் 11

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன் என்று கடையில் சொல்கிறார்கள். அண்ணன் உப்பைக் குறைக்கட்டும்.

முனை எங்கும் ஓடிவிடாது அண்ணா. மூவாயிரம் வருஷம் இருந்தது, இன்னும் நாலு நாள் இருக்காதா? இதிலெல்லாம் அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். அச்சு குளிர்ந்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் ஜன்னலுக்குத் திரை மாட்டினோம். கம்பி இரண்டு அங்குலம் நீளமாகிவிட்டது. அவர் ரம்பத்தைத் தேடிக்கொண்டு போனவர் வெண்கல ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்! எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அலமாரியில் உள்ளதிலேயே மிகப் பழையது அதுதான் என்று அப்புறம் அரை மணி நேரம் விளக்கம் சொன்னார். எஞ்சின் ஓட்டிய காலத்துக் கதையும் நிறையச் சொல்வார். ஒரே கதையை இரண்டு தடவை சொல்லும்போது இரண்டாவது தடவை இன்னும் நன்றாக இருக்கிறது.

நீலம்தான் முடிவாயிற்று அண்ணி. வெளிர் நீலம்.

உன் தங்கை


ஜூன் 18

என் கண்ணே,

உன் அண்ணன் பட்டறையில் இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நாங்கள் நலம்.

உன் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். 'சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது' என்று நீ எழுதி நான் பார்த்ததே இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் கொண்டுவந்த மாப்பிள்ளைகளையெல்லாம் ஒவ்வொரு குறை சொல்லித் தட்டிக் கழித்தாயே, அவர்களில் ஒருவன் சொன்ன கதையையாவது நீ இரண்டாம் தடவை கேட்டிருப்பாயா?

எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். ஆனால் உன் அண்ணன் அடுத்த மாதம் அங்கே வர ரயில் டிக்கெட் எடுக்கிறேன் என்று குதிக்கிறார். கையில் கைப்பிடியோடு வருவாராம். வாள் பொருந்தாவிட்டால் அன்றைக்கே உன்னை அந்த வீட்டுப் பக்கம் போகாதே என்று சொன்னாலும் சொல்வார். அதற்குள் நீயாக ஏதாவது எழுதிவிடு.

அண்ணி


ஜூலை 1

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் நலம் என்று தங்கள் தங்கை சொல்லக் கேட்டு மகிழ்ச்சி. நான் நலம்.

இது தங்கள் தங்கைக்குத் தெரிந்தே எழுதும் கடிதம். அவர் எழுத நாலு தடவை உட்கார்ந்து நாலு தடவையும் எழுந்துவிட்டார். இப்போது அடுத்த அறையில் கடைசி ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே பாரம் என் தலையில்.

ஐயா, அச்சு வந்த அன்றே வைத்துப் பார்த்துவிட்டோம். பொருந்தவில்லை. என் முனையில் மேடு இருக்கும் இடத்தில் உங்கள் மெழுகிலும் மேடு. பள்ளம் இருக்கும் இடத்தில் பள்ளம். மேடும் மேடும் முட்டிக்கொண்டு நின்றன. திருப்பி, புரட்டி, எப்படி வைத்தாலும் அதே கதைதான். உங்கள் தங்கை மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டார். "அண்ணன் பதினெட்டு வருஷமா காத்திருக்காரு. இத எப்படிங்க எழுதுவேன்? கொஞ்ச நாள் போகட்டுமே" என்றார். நானும் போகட்டும் என்றேன்.

அந்தக் கொஞ்ச நாளில்தான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. உங்களுக்கு உண்மையை எழுதிவிட்டால் அவருக்கு என் வீட்டில் வேலை இல்லை. ஜன்னல் எட்டுதான். ஒவ்வொரு ஜன்னலாக முடிய முடிய எனக்குப் பயமாக இருந்தது. நானே இரண்டு தடவை அளவு தப்பு என்று சொல்லிப் பிரிக்க வைத்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது.

எனக்கு அறுபத்திரண்டு வயது. பென்ஷன் வருகிறது. வீட்டுக்கு வந்தால் விளக்குப் போடவும் மறந்து உட்கார்ந்திருக்கும் ஆளாக இருந்தேன். உங்கள் தங்கையைக் கேட்டேன். அவர், "அண்ணன்கிட்ட வாள் விஷயத்த மறைச்சுட்டு இத எப்படிக் கேட்பேன்? முதல்ல அத சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். இப்போது மற்றதைக் கேட்கிறேன். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள உங்கள் சம்மதம் வேண்டும்.

வாளைக் கொடுக்க முடியவில்லை, தங்கையையும் கேட்கிறேன். தாங்கள் கோபித்தாலும் நியாயமே.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
எஞ்சின் ஓட்டுநர்


ஜூலை 6

அடி கழுதையே! ஐயா அவர்களே! (இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.)

நலம், நலம், எல்லோரும் நலம். கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டறையில் நான் கத்திய கத்தலில், அளவு கொடுக்க வந்திருந்த அம்மாள் வாயைத் திறந்தபடியே வெளியே ஓடிவிட்டார்.

மேடும் மேடும் முட்டியதா? பள்ளத்துக்குப் பள்ளம் இருந்ததா? ஆண்டவனே! அட, பொருந்துகிறது ஐயா, பொருந்துகிறது!

நான் அனுப்பியது அச்சு. என் வாளின் உடைந்த முகத்தில் மெழுகை அழுத்தி எடுத்தது. என் வாளில் மேடு இருந்தால் மெழுகில் பள்ளம் விழும், பள்ளம் இருந்தால் மேடு எழும். வாயில் அச்சு எடுத்துவிட்டு அதையே மாட்டிக்கொண்டு யாராவது மெல்லுவார்களா? அதற்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்ற வேண்டாமா? ஊற்றினால்தானே அசல் வடிவம் வரும்! ஊற்றாத அச்சு என் வாளுக்கு நேர் எதிர். உங்கள் முனையும் என் வாளுக்கு நேர் எதிர். அதனால்தான் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்திருக்கின்றன. இதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்கு என்ன வேண்டும்?

மாவு ஊற்ற வேண்டும் என்று நான் எழுதவில்லைதான். அது எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைத்துவிட்டேன். இந்தப் பட்டறையில் காவலாளிக்குக் கூடத் தெரியும்.

உடனே மருந்துக் கடைக்குப் போய் பிளாஸ்டர் மாவு வாங்குங்கள். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு மாவைத் தூவிக் கலக்குங்கள். குமிழி இருக்கக் கூடாது. மெழுகுக்குள் மெல்ல ஊற்றி ஒரு மணி நேரம் தொடாதீர்கள். அப்புறம் மெழுகை உரித்துவிட்டு முனையில் வைத்துப் பாருங்கள். கடவுளே, நான் அங்கே இல்லாமல் போனேனே!

இப்படிக்கு, கால் தரையில் பாவாத
அண்ணன்

(அண்ணி: இரண்டு பக்கம் எழுதியவர் கல்யாண விஷயத்துக்குப் பதில் எழுத மறந்துவிட்டார். சொன்னேன், "அட ஆமாம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் அந்தப் படத்தைப் பார்க்கப் போய்விட்டார். ஐம்பத்து நாலு வயதில் நீ எங்களைக் கேட்க வேண்டியதே இல்லை கண்ணு. கேட்ட மரியாதைக்குச் சொல்கிறேன்: சம்மதம், சம்மதம், சம்மதம். வீட்டுக்காரர் கதை சொல்லும்போது நடுவில் பேசாதே.)


ஜூலை 15

மச்சான் அவர்களுக்கு,

இனி ஐயா என்று எழுதக் கூடாது என்று உத்தரவு. நாங்கள் நலம். அங்கும் நலம்தானே?

பிளாஸ்டர் ஊற்றினோம். முதல் தடவை குமிழி வந்துவிட்டது. இரண்டாம் தடவை உங்கள் தங்கை கலக்கினார், வெண்ணெய் போல வந்தது. முனையில் வைத்தோம். ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். நடுவில் காகிதம் நுழையவும் இடம் இல்லை. நாங்கள் இருவரும் மாறி மாறி எடுத்து வைத்துப் பார்த்தோம்.

மச்சான், நீங்கள் பதினெட்டு வருஷமாகத் தேடியதை நான் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டிருப்பது எனக்கு நன்றாகப் படவில்லை. உங்கள் தங்கை கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் முனையைப் பஞ்சில் சுற்றி, நாலு செருப்புப் பொட்டலம் போட்டு, பார்சலில் அனுப்பிவிட்டேன். விலை பேச வேண்டாம். எனக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருப்பது போதும். நீங்கள் ஆசைப்பட்டபடி வாளை முழுசாகப் பாருங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். என் தங்கையும் நீங்களும் நலமா?

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் என்ன? பொருந்தியிருக்கும், எனக்குத் தெரியும்.

போன கடிதத்தில் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டதற்கு என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அப்பா அம்மா போன பிறகு என் தங்கைக்கு நான்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் புது ஊருக்குப் போகிறேன் என்றபோது 'அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?' என்று சண்டை போட்டேன். நான்கு மாதக் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். நான் வாளைத் தேடித் தேடிப் படித்ததில் அவள் சந்தோஷமாக இருப்பதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். முட்டாள் நான். இப்போது படிக்கும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது.

பாதி வாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? அது உங்கள் வீட்டில், அவள் தைத்த திரைக்குப் பின்னால், வெயில் படாமல் இருக்கட்டும். இன்று காலை கைப்பிடியைத் தகரப் பெட்டியில் வைத்து உங்கள் முகவரிக்கு அனுப்பிவிட்டேன். கல்யாணப் பரிசு. மறுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மச்சான்


ஜூலை 22

அன்புள்ள அண்ணா, அன்புள்ள அண்ணி,

எனக்கு உடம்பு நலம். மனசும் நலம். உங்கள் இருவரின் புத்திதான் நலமா என்று தெரியவில்லை. அண்ணியைச் சொல்லவில்லை, அண்ணனையும் இவரையும் சொல்கிறேன்.

இன்று காலை கைப்பிடி இங்கே வந்து இறங்கியது. இவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முனைய நான் அங்க அனுப்பிட்டேனே!" என்கிறார். எனக்கே அப்போதுதான் தெரியும். அலமாரியைத் திறந்தால் முனை இருந்த இடத்தில் செருப்புப் பொட்டலம் மட்டும் கிடக்கிறது. இந்நேரம் அது உன் மேசைமேல் இருக்கும், நீயும் தலையில் கை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாய். மறுபடியும் ஒரு பாதி அங்கே, ஒரு பாதி இங்கே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன் அண்ணா. 'அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்' என்று நீ கேட்டபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. நீ வாளுக்காக என்னை அந்தக் கதவைத் தட்ட வைத்திருக்காவிட்டால் நான் இன்னமும் கடையும் அறையுமாகத்தான் இருந்திருப்பேன்.

இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, காதில் விழுகிற மாதிரி உரக்கப் படித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். இரண்டு பேரும் இனி தபால் அலுவலகம் பக்கமே தலைகாட்டக் கூடாது. எதையும் எடுக்கக் கூடாது, எதையும் அனுப்பக் கூடாது, யாருக்கும் எதையும் பரிசு கொடுக்கக் கூடாது. யார் பெருந்தன்மை பெரியது என்பதை நேரில் கத்திப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகம். அதற்கு முந்தின நாளே அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. முனையைக் கையோடு எடுத்து வந்தால் சந்தோஷம். ரயிலில் மறந்து விட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை. நீ வந்தாக வேண்டும். என் பக்கத்துச் சாட்சி என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள், அதில் கையெழுத்துப் போட எனக்கு வேறு யாரும் வேண்டாம்.

உன் தங்கை